செல்வரத்தினம் விசாரித்த ஜப்பான் மாப்பிள்ளை

லண்டன் நோர்பரியில் பிள்ளைக்குக் கலியாணம் பேசுகிறவர்கள் சாதகத்தை ஐயரிடம் கொடுப்பார்கள். மாப்பிள்ளையின் பெயரைச் செல்வரத்தினத்திடம் கொடுப்பார்கள். ஐயர் பொருத்தம் சொன்னால் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி. செல்வரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “விசாரிச்சனான், நல்ல இடம்” என்று சொல்லிவிட்டால் மண்டபம் பார்க்கத் தொடங்கிவிடலாம்.

இந்த ஊழியத்துக்கு அவர் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. சந்தேகப்படுவது அவருக்கு ஒரு சுகம், அவ்வளவுதான். ஓய்வு பெறும்வரை லண்டன் பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். உண்மையில் நித்திரை கொள்கிறவனையும், பயண அட்டை இல்லாததால் நித்திரை கொள்கிறவனையும் இமையைப் பார்த்தே பிரித்துவிடுவார். வேலை போன பிறகும் அந்தப் பார்வை போகவில்லை. மாப்பிள்ளையின் உறவினர்களிடம் அவர் வாயே திறக்கமாட்டார். எதிர்வீட்டுக்காரர், பழைய வேலைத்தலம், முடிந்தால் அந்த ஆளைக் கண்ணில் காட்டக்கூடாத இரண்டு பேர், இவர்களிடம்தான் போவார். பிடிக்காதவன் வாயிலிருந்துதான் உண்மை வரும் என்பது அவருடைய சித்தாந்தம். அவர் குழப்பிய கலியாணங்கள் பல. குழப்பியதற்காக இன்றைக்கும் கோவிலில் கண்டால் கும்பிடுகிறவர்கள் உண்டு. கண்டால் மற்றப் பக்கம் போகிறவர்களும் உண்டு.

அப்படிப்பட்ட மனிதரின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஒரே தங்கை பவளக்கொடி வந்தாள். கண் வைத்தியசாலையில் நர்ஸ். வயது ஐம்பத்தெட்டு. புருஷன் சற்குணராஜா செத்து ஆறேழு வருடம். பிள்ளைகள் இல்லை. வந்தவள் இடியப்பத்துக்குச் சொதியை விட்டுக்கொண்டே, பஸ் பிந்திவிட்டது என்று சொல்லும் குரலில் சொன்னாள்:

“அண்ணை, நான் ஒருத்தரைக் கலியாணம் செய்யப் போறன்.”

செல்வரத்தினத்தின் மனைவி தவநாயகி அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“ஆர் ஆள்?” என்றார் செல்வரத்தினம்.

“கனமோரி எண்டு பேர். ஜப்பான் ஆள். கண்ணில புரை எடுக்க எங்களிட்டை வந்தவர். நான்தான் சொட்டு மருந்து விட்டனான்.”

“என்ன வேலை?”

“வீடியோ கேம் வடிவமைக்கிறவர். நாப்பது வருசமா.”

“வயசு போன ஆம்பிளை, கேமோ?”

“அவர் விளையாடுறேல்லை அண்ணை. செய்யிறவர். சித்திரையில பதிவு. சாட்சிக்கு நீங்கள்தான் கையெழுத்துப் போட வேணும்.”

“நான் விசாரிக்காமல் ஒரு கடதாசியிலையும் கையெழுத்துப் போடன்.”

“விசாரியுங்கோ. நீங்கள் வராட்டிலும் நான் செய்வன். ஆனா நீங்கள் வராட்டி இந்த லண்டனில எனக்கெண்டு நிக்க வேற ஆர் இருக்கினம்?”

சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அவளுடைய முதல் கலியாணத்தை விசாரித்துச் செய்து வைத்தவரும் செல்வரத்தினம்தான். அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

அன்றைக்கே வேலை தொடங்கிவிட்டது. தவநாயகியின் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, கனமோரியின் பெயரை எழுத்துக்கூட்டி அடித்துப் பார்த்தார். ஒரு மீன் வியாபாரியும் ஒரு சைக்கிள் வீரரும் வந்தார்கள். கேம் செய்கிறவர் வரவில்லை. தங்கையிடம் நைஸாகக் கேட்டு, அந்த ஆள் செய்ததாகச் சொல்லும் விளையாட்டுகளின் பெயர்களை வாங்கினார். விளையாட்டுகள் இருந்தன. ஒன்று ஜப்பானில் அந்தக் காலத்தில் சக்கை போடு போட்டதாம்: இரவில் ஆற்றோரமாக ஒரு நீர்நாய் விளக்கைத் தூக்கிக்கொண்டு பாலம் பாலமாகக் கடக்கும் விளையாட்டு. அதன் முடிவில் செய்தவர்களின் பெயர்கள் ஓடும் காணொளியையும், யாரோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் போட்டிருந்ததை, தேடிப் பிடித்தார். அதில் குண்டுப்பூனை என்று ஒருவர். நூடில்ஸ் மாமா என்று ஒருவர். மழைக்கோட்டு என்று இன்னொருவர். கனமோரி என்று ஒருவரும் இல்லை.

செல்வரத்தினத்துக்கு மூக்கில் வியர்த்தது.

“இஞ்சை பாரும்,” என்று தவநாயகியைக் கூப்பிட்டார். “நாப்பது வருசம் வேலை செய்தவராம். ஒரு இடத்திலயும் பேர் இல்லை.”

“நீங்களும் இருவத்தெட்டு வருசம் பஸ்ஸில நிண்டனீங்கள். எந்தப் பஸ்ஸில உங்கட பேர் எழுதிக் கிடக்கு?” என்றாள் தவநாயகி.

இந்த வாயாடியிடம் காட்டியது தன் பிழை என்று அவர் டேப்லெட்டை மூடினார்.

ஜப்பானில் விசாரிக்கவும் ஆள் இருந்தது. எங்கேதான் ஆள் இல்லை? தவநாயகியோடு யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில் படித்த றோஸ்மலர், ஒசாகாவில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பிடித்தார். இரண்டு வாரம் கழித்து அவள் வட்சப்பில் குரல் அனுப்பினாள்: “அண்ணை, அப்பிடி ஒரு கம்பனி இருந்தது உண்மை. இழுத்து மூடிக் கனகாலம். அங்க வேலை செய்த ஒருத்தரைப் பிடிச்சுக் கேட்டனான். கனமோரி எண்டு ஒரு ஆளை நினைவில்லை எண்டுறார். சில வேளை வேற பேரில இருந்திருப்பார் எண்டுறார்.”

வேற பேரில்! செல்வரத்தினத்துக்கு இது போதும். இரண்டு பெயரில் வாழ்கிறவன் எதையோ விட்டுவிட்டு ஓடி வந்தவன். அது அவருக்கு ஊகம் இல்லை, அனுபவம். லண்டனுக்கு வந்த புதிதில் அவரே லூயிஷாமில் ஒரு பெற்றோல் செட்டில் அருள்நேசன் என்ற பெயர்ப்பட்டியைச் சட்டையில் குத்திக்கொண்டு இரண்டு வருடம் நின்றவர். உண்மையான அருள்நேசன் தன் வேலைக் கடதாசிகளை இவரிடம் விட்டுவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டிருந்தார். முதலாளி “நேசன்” என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகுவதற்கே மாதக் கணக்கானது.

பிறகு ஆளை நேரில் பார்த்தார். தங்கை காட்டிய படத்தை மனதில் வைத்துக்கொண்டு நோர்பரி ஸ்டேஷன் வாசலில் பேப்பர் படிப்பதுபோல் நின்றார். சாம்பல் நிறக் குல்லாயோடு ஒரு ஒல்லி மனிதர் ரயிலால் இறங்கினார். நேரே வீட்டுக்குப் போகிறவராக இருந்தால் பரவாயில்லை. ஸ்டேஷன் படியின் அடியில் நின்று, ஏறுகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தானும் பாதி ஏறினார். நின்றார். இறங்கினார். கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடியும் ஏறினார். பையிலிருந்து கட்டம் போட்ட தாளை எடுத்துப் பென்சிலால் ஏதோ கீறினார். ஸ்டேஷனைக் கொள்ளையடிக்க யாரும் திட்டம் போடமாட்டார்கள்தான். ஆனாலும் நல்ல மனிதன் எவனாவது படிக்கட்டை இப்படிப் பார்ப்பானா?

இதற்கு மேல் வாயைப் பிடுங்குவதுதான் வழி என்று ஒரு சனிக்கிழமை விருந்துக்குக் கூப்பிட்டார். கனமோரி பச்சைத் தாளில் சுற்றிய பேரிக்காய்ப் பெட்டியோடு வந்தார். சப்பாத்தைக் கழற்றி, முனைகள் வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். வந்தவுடனே ஓடுவதற்கு ஆயத்தம் என்று செல்வரத்தினம் மனதில் குறித்துக்கொண்டார். தவநாயகிக்கு அந்தப் பழக்கம் பிடித்துப்போயிற்று. கணவாய்க் கறி உறைத்ததில் விருந்தாளியின் காது சிவந்தது. இருந்தும் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டார்.

பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. செல்வரத்தினம் சுற்றி வளைக்கவில்லை. “நீங்கள் செய்த விளையாட்டு ஒன்றிலும் உங்கள் பெயர் இல்லையே?” என்றார். பவளக்கொடி தலை குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“தேடிப் பார்த்தீர்களா? நன்றி,” என்றார் கனமோரி. உண்மையிலேயே சந்தோஷப்பட்டவர்போல் இருந்தது. அது செல்வரத்தினத்துக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது.

கனமோரி தன் கதையைச் சொன்னார். படிப்பு முடிந்ததும், திட்டமிட ஆள் தேவை என்ற ஒரு விளம்பரத்தைப் பார்த்துப் போய்ச் சேர்ந்தாராம். பொம்மைக் கம்பனி என்று அவருடைய தகப்பன் சாகும்வரை நினைத்துக்கொண்டிருந்தாராம். கட்டத் தாளில் வர்ணப் பென்சிலால் ஆற்றையும் பாலத்தையும் கீறுவது வேலை. கட்டம் கட்டமாக, எந்த இடத்தில் ஆள் விழுவான், எந்த இடத்தில் பயப்படுவான் என்று யோசித்துக் கீற வேண்டும். மேசைக்குக் கீழே நித்திரை. நல்ல ஆட்களை மற்றக் கம்பனிகள் ஆசைகாட்டி இழுத்துப் போய்விடும் என்று முதலாளிக்குப் பயம். அதனால் விளையாட்டில் யாருடைய சொந்தப் பெயரையும் போடவிடமாட்டார். ஆளுக்கொரு புனைபெயர். கனமோரிக்குக் கிடைத்தது மழைக்கோட்டு. பிறகு கம்பனி லண்டனில் கிளை திறந்தபோது இங்கே அனுப்பினார்கள். கிளையை மூடினார்கள், அவர் திரும்பிப் போகவில்லை. மற்றவர்களுடைய விளையாட்டுகளில் படியும் பாலமும் கதவும் செய்துகொண்டே வயது போய்விட்டது.

“இப்போதும் படிகளைப் பார்த்தால் நின்றுவிடுவேன். மனிதர்கள் எப்படி ஏறுகிறார்கள் என்று பார்ப்பேன். கெட்ட பழக்கம்,” என்றார்.

செல்வரத்தினத்துக்கு அருள்நேசன் என்ற அந்தச் சட்டை ஞாபகம் வந்தது. அதை உடனே தள்ளிவிட்டார். கதை நன்றாக இருக்கிறது; நன்றாக இருக்கிற கதைகளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். “அப்படியானால் இதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை?” என்றார்.

கனமோரி கொஞ்சம் யோசித்தார். “நீர்நாய் விளையாட்டில் ஒரேயொரு உண்மையான பெயர் இருக்கிறது. கம்பனிக்குத் தெரியாமல் நான் வைத்தது. மூன்றாவது பாலத்தில், விளக்கு அணைந்து போகும்வரை அசையாமல் நிற்க வேண்டும். யாரும் நிற்கமாட்டார்கள். விளக்கு அணைந்தால் செத்துவிடுவோம் என்று அதுவரை நாங்களே பழக்கி வைத்திருப்போம்.”

வேறு ஒருவராக இருந்தால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டிருப்பார். செல்வரத்தினம் பஸ் பாஸை எடுத்துக்கொண்டு வால்தம்ஸ்டோவுக்குப் போனார். அங்கே சந்தைக்குப் பின்னால் பழைய கேம்ஸ் விற்கிற கடை ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். கடைக்காரர் கிளைவ், தாடி வைத்த பெரிய உருவம். விளையாட்டின் பெயரைக் கேட்டதும் இவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். ஜப்பானில் மட்டும் வந்த, கேம் பெட்டியில் செருகி விளையாடும் கசெட் அது. எடுப்பிக்க நாள் எடுக்கும் என்றார். எடுப்பித்தும் கொடுத்தார். கடையின் மூலையில் ஒரு முக்காலியைப் போட்டு, பழைய பெட்டி டீவியில் பூட்டியும் விட்டார்.

அறுபத்தேழு வயதில் செல்வரத்தினம் முதன்முதலாக வீடியோ கேம் விளையாடினார். முதலாம் நாள் முழுவதும் நீர்நாய் தண்ணீரில் விழுந்துகொண்டே இருந்தது. நீர்நாய் தண்ணீரில் விழுந்து சாவதாவது! செய்தவனின் மூளையையே சந்தேகிக்க வேண்டும் என்று முணுமுணுத்தார். இரண்டாம் நாள் முதல் பாலத்தைக் கடந்தார். வீட்டில் கேட்டால் லைப்ரரிக்குப் போகிறேன் என்றார். “லைப்ரரிக்குப் போற ஆளுக்கு ஏன் பெருவிரல் வீங்கியிருக்கு?” என்று கேட்டுவிட்டுத் தவநாயகி கருவேப்பிலை உருவப் போய்விட்டாள்.

ஒருவழியாக மூன்றாவது பாலம் வந்தது. நின்றார். விளக்கு மங்கியது. மங்க மங்க அவருடைய பெருவிரல் தானாக அழுத்திவிட்டது, நீர்நாய் ஓடியது. மறுபடி முதலிலிருந்து வந்தார். மறுபடியும் விரல் அழுத்திவிட்டது. நடக்கப் போவது என்ன என்று தெரிந்தும் நிற்க முடியவில்லையே என்று அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. மூன்றாம் தரம் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். விளக்கு அணைந்தது. டீவி முழுக்க இருட்டு. கிளைவும் கல்லாவை விட்டு வந்து பின்னால் நின்றார். பிறகு ஆற்றுத் தண்ணீர் மெல்ல இறங்க, பாலத்தின் அடியில் ஒரு சின்னக் கதவு தெரிந்தது. உள்ளே ஒரு அறை. சுவரில் சில ஜப்பான் எழுத்துகள்.

கிளைவ் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி வியந்தார். செல்வரத்தினத்துக்கும் ஒரு கணம் தன்னையறியாமல் சந்தோஷம் பொங்கியது. ஆள் பொய் சொல்லவில்லை. கைபேசியில் படம் எடுத்து றோஸ்மலருக்கு அனுப்பினார். கனமோரி என்றுதானே இருக்கிறது என்று ஒரு வரியும் போட்டார்.

பஸ் பாதி வழி வருவதற்குள் பதில் வந்துவிட்டது. “இல்லை அண்ணை. இது பொம்பிளைப் பேர். நொசாகி மிட்சுகோ.”

போன சந்தேகம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. ஒருத்தியின் பெயரை ஒளித்து வைத்திருக்கிறான்! அதைச் சொல்லியே இன்னொருத்தியின் அண்ணன் வீட்டில் கணவாய்க் கறியும் சாப்பிட்டிருக்கிறான்! செல்வரத்தினம் வீட்டுக்குப் போகவில்லை. நேரே தோர்ன்டன் ஹீத்தில் தங்கையின் வீட்டுக்குப் போய் மணியை அழுத்தினார்.

உள்ளே கனமோரி சமையலறை மேசையில் இருந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். புரை எடுத்த கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. செல்வரத்தினம் கோட்டைக்கூடக் கழற்றாமல் கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“யார் இந்த நொசாகி மிட்சுகோ?”

கனமோரி கத்தியைக் கீழே வைத்தார். படத்தை வாங்கி, கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். “நின்றீர்களா? விளக்கு அணையும்வரை நின்றீர்களா?” என்றார்.

“கேட்டதுக்குப் பதில் சொல்லும்.”

“நீங்கள் அந்த விளையாட்டில் பார்த்த தண்ணீர், பாலம், நீர்நாய் எல்லாம் நான் தாளில் திட்டம் போட்டுக் கொடுக்க, அவர் திரைக்கு வரைந்தவை. அந்தக் காலத்தில் எங்கள் கம்பனியில் கலியாணம் நிச்சயமானால் பெண்கள் வேலையை விட்டுவிட வேண்டும். பூங்கொத்துக் கொடுத்து, கைதட்டி அனுப்பிவிடுவார்கள். விளையாட்டு வெளிவந்தபோது அவர் கம்பனியில் இல்லை. எங்களுக்காவது புனைபெயர் இருந்தது. அவருக்கு அதுவும் போடவில்லை. கசெட்டின் நினைவகத்தில் கொஞ்ச இடம் மிச்சமிருந்தது. ஒரு பெயருக்கு மட்டும் போதுமான இடம்.”

“காதலோ?”

“ஐயோ, இல்லை. அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. நீர்நாயின் வாலை எத்தனையோ தரம் மாற்றி வரையச் சொன்னேன்.”

“அவவுக்கு இது தெரியுமோ?”

“தெரியாது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. பவளக்கொடிக்குச் சொன்னேன். இப்போது நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.”

செல்வரத்தினம் விடவில்லை. “அந்த அறையைப் பற்றி வேறு யாராவது உமக்குச் சொல்லியிருக்கலாம். நீர்தான் செய்தீர் என்பதற்கு இது எப்படி ஆதாரமாகும்?”

கனமோரி அதையும் பொறுமையாக யோசித்தார். “நீங்கள் சொல்வது சரி,” என்றார். “ஆதாரம் ஆகாது. என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.”

சண்டைக்கு வந்தவருக்குச் சண்டை கிடைக்காவிட்டால் எங்கே போவது? செல்வரத்தினம் தங்கையின் பக்கம் திரும்பினார். “கேட்டியோ? ஒரு ஆதாரமும் இல்லையாம். தானே சொல்லுறார்.”

பவளக்கொடி அடுப்பை அணைத்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

“அண்ணை, சற்குணராஜாவையும் விசாரிச்சனீங்கள் எல்லே?”

அந்தப் பெயரை அவள் அவர் முன்னால் சொல்லிப் பல வருடம்.

“விசாரிச்சனான்தான்,” என்றார் மெதுவாக.

“என்னென்ன விசாரிச்சனீங்கள்?”

“படிப்பு. குடும்பம். வேலைத்தலம். குடி இருக்கோ எண்டு. எல்லாம் சரியாத்தான் இருந்தது.”

“ஓம். ஒண்டும் பொய்யில்லை. படிச்சவர். குடிக்கிறேல்லை. வேலைத்தலத்தில தங்கமான மனுசன். வீட்டு யன்னலைச் சாத்திப்போட்டுத்தான் அடிக்கிறவர். எதிர்வீட்டுக்காரருக்கு என்னெண்டு தெரியும்?”

“நீ எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே?”

“சொன்னனான்.” அவள் குரலை உயர்த்தவில்லை. “முதலாம் வருசமே உங்கட வீட்டுக்கு வந்து சொன்னனான். நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு நினைவிருக்கோ? ‘நான் வடிவா விசாரிச்சனான் பிள்ளை, அவர் அப்பிடி ஆளில்லை’ எண்டனீங்கள். அதுக்குப் பிறகு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

செல்வரத்தினத்துக்கு நினைவு இருந்தது. அவள் இடது கையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு நின்றதும் நினைவு இருந்தது. எத்தனையோ பேரின் இமையைப் பார்த்துப் பொய்யைப் பிடித்தவர், கூடப்பிறந்தவளின் கையைக் காட்டச் சொல்லவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அழுவது வெங்காயத்தால் என்று யாராவது நினைத்தால் நல்லது என்று கோட்டோடு மேசையில் உட்கார்ந்து, ஒரு வெங்காயத்தை எடுத்தார். கனமோரி கிண்ணத்தை இருவருக்கும் நடுவே நகர்த்தி வைத்தார்.

“கலியாணம் கட்டப் போறது நான்,” என்றாள் பவளக்கொடி. “இந்த முறை நான் விசாரிச்சனான் அண்ணை.”

அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். உரித்து முடியும்வரை இருந்துவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை லூயிஷாம் சிவன் கோவிலில் பூசை முடிந்து சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தவரைப் பாலாம்பிகை பிடித்துக்கொண்டாள். தன் மகனுக்குப் பேசிய சம்பந்தத்தைச் செல்வரத்தினம் குழப்பிவிட்ட கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்றே கேட்டாள்.

“என்ன அண்ணை, தங்கச்சிக்கு ஆரோ ஜப்பான்காரராம்? ஊர் பேர் தெரியாத ஆள் எண்டு கதைக்கினம். நீங்கள் விசாரிச்சனீங்களோ?”

“விசாரிச்சாச்சு. நல்ல மனுசன்.”

“இஞ்சை ஒருத்தருக்கும் அவரைத் தெரியாதே? ஆர் சொன்னது?”

செல்வரத்தினம் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். நிமிர்ந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“என்ர தங்கச்சி சொன்னவள்,” என்றார். “அவள் சொன்னாச் சரி.”